மணலைத் தண்ணீர் மாதிரி கொதிக்க வைக்கும் காற்று: இன்ஜினியரிங் மாணவர்கள் ஃப்ளூயிடைஸ்டு பெட் ரியாக்டரை ஏன் தாங்களே கட்டிப் பார்க்க வேண்டும்?

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் சின்ன வெங்காயத்துக்குப் பேர் போன ஊர். இங்கிருந்து ஒரு பக்கம் திருச்சி. திருவெறும்பூரில் பாய்லர் தயாரிக்கும் பெல் நிறுவனம். இன்னொரு பக்கம் அரியலூர் சிமெண்ட் ஆலைகள். அதையும் தாண்டிப் போனால் நெய்வேலி அனல்மின் நிலையங்கள். இந்தப் பகுதியிலிருந்து இன்ஜினியரிங் படிக்கப் போகும் பிள்ளைகள் பலரும் வேலைக்காக எட்டிப் பார்ப்பது இந்தத் திசைகளைத்தான்.

அந்த ஆலைகளில் புழங்கும் முக்கியமான தொழில்நுட்பம் ஒன்றின் பெயர் 'ஃப்ளூயிடைஸ்டு பெட்'. தமிழில் பாய்மப் படுகை எனலாம். அதைப் படம் வரைந்து, சமன்பாடு எழுதி மார்க் வாங்கிவிடலாம். ஆனால், அதைக் கண்ணால் பார்க்காமலேயே டிகிரி வாங்கினால் என்ன ஆகும்? இதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

அது என்ன ஃப்ளூயிடைஸ்டு பெட்?

வண்டிக்காரர் இரும்புச் சட்டியில் மணலைப் போட்டுக் கடலை வறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர் கரண்டியால் விடாமல் கிளறுவார். கிளறாமல் விட்டால் அடியில் கருகும், மேலே பச்சையாகவே இருக்கும்.

இப்போது கரண்டியை எடுத்துவிடுவோம். சட்டியின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு, கீழிருந்து காற்றைச் செலுத்துவோம். காற்று குறைவாக இருந்தால் மணல் இடுக்குகள் வழியாகப் புகுந்து வெளியே போய்விடும், மணல் அசையாது. காற்றைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் மொத்த மணலின் எடையையும் காற்றே தாங்கிக்கொள்ளும். அந்த நொடியில் மணல் தண்ணீராக மாறியது போல நடந்துகொள்ளும். குமிழி விடும், அலை அடிக்கும். மரக்கட்டையைப் போட்டால் மிதக்கும், இரும்புக் குண்டைப் போட்டால் மூழ்கும்.

கரண்டி செய்த வேலையைக் காற்றே செய்வதால் உள்ளே வெப்பம் ஏறக்குறைய ஒரே சீராகப் பரவும். அந்தப் படுகையில் ஒரு வேதிவினையையும் நடத்தினால் அது 'ஃப்ளூயிடைஸ்டு பெட் ரியாக்டர்'.

எங்கெல்லாம் இது இருக்கிறது?

1920-களில் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் விங்க்லர் நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுக்க இந்த முறையைக் கொண்டுவந்தார். 1942-ல் அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் நகரில், கச்சா எண்ணெயின் கனமான பகுதியை உடைத்து பெட்ரோல் ஆக்கும் முதல் ஃப்ளூயிட் கேட்டலிடிக் கிராக்கிங் ஆலை ஓடத் தொடங்கியது. சென்னை மணலியில் உள்ள சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையிலும் இந்த வகை யூனிட் இருக்கிறது.

நெய்வேலியில் லிக்னைட்டை எரிக்கும் இரண்டு 250 மெகாவாட் யூனிட்டுகள் இதே தத்துவத்தில் ஓடுகின்றன. சூடான துகள்களைச் சுற்றிச் சுற்றி வர வைத்து எரிப்பதால் இதற்கு 'சர்குலேட்டிங்' ஃப்ளூயிடைஸ்டு பெட் என்று பெயர். கூடவே சுண்ணாம்புக்கல் தூளையும் போட்டால், எரியும்போது வரும் கந்தகத்தை அது உலைக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும்.

சின்னதிலிருந்து பெரிசுக்கு: இங்கேதான் சிக்கல்

இந்த உலைக்கு ஒரு குணம் உண்டு. சின்னக் குழாயில் நடந்துகொள்வது போலவே பெரிய தொட்டியிலும் நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. அளவு மாறினால் குமிழியின் அளவு மாறும், துகள்கள் சுற்றும் விதமும் மாறும். அமெரிக்காவின் பிரவுன்ஸ்வில் நகரில், இயற்கை எரிவாயுவிலிருந்து பெட்ரோல் தயாரிக்க 1950-ல் ஓடத் தொடங்கிய ஆலை இதற்குப் பாடமாகவே சொல்லப்படுகிறது. சோதனை அளவில் நன்றாக வேலை செய்த முறை, பெரிய உலையில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

நெய்வேலியின் அந்த இரண்டு யூனிட்டுகளும் திட்டமிட்டதைவிடப் பல ஆண்டுகள் தாமதமாக, 2015-ல்தான் வணிக உற்பத்திக்கு வந்தன. இப்படிப்பட்ட திட்டங்கள் தாமதமாகப் பல காரணங்கள் இருக்கும். ஆனால், புதிய அளவில் ஒரு உலையைக் கட்டி ஓட்டுவது லேசான காரியம் இல்லை என்பதை அந்தக் காத்திருப்பு காட்டுகிறது.

பெல் நிறுவனம் இதைப் படிப்படியாகவும் செய்து பார்த்திருக்கிறது. சாம்பல் அதிகமுள்ள இந்திய நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுக்க, முதலில் ஹைதராபாத்தில் நாளைக்கு 18 டன் அளவில் ஒரு சோதனை உலை. அடுத்து திருச்சியில் நாளைக்கு 168 டன் அளவில் ஒரு உலை. திருச்சி உலை 6.2 மெகாவாட் மாதிரி மின்நிலையத்துக்கு எரிவாயு கொடுத்தது. இந்தப் படிக்கட்டின் முதல் படி கல்லூரி ஆய்வகத்தில் இருக்க வேண்டும்.

ஆய்வகத்தில் எப்படிக் கட்டுவது?

அண்ணா பல்கலைக்கழகத்தின் கெமிக்கல் இன்ஜினியரிங் ஆய்வகப் பாடத்தில் பாய்மப் படுகைப் பரிசோதனை உண்டு. ரெடிமேட் கருவி வாங்கினால் வால்வைத் திறந்து அளவைக் குறித்துக்கொண்டு மாணவர் போய்விடுவார். தானே கட்டினால் ஒவ்வொரு பாகத்துக்கும் 'ஏன் இந்த அளவு?' என்று பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு எளிய கணக்கைப் பார்ப்போம்.

• குழாய்: 10 செ.மீ. உள்விட்டம், 1 மீட்டர் உயரம் உள்ள அக்ரிலிக் குழாய். உள்ளே நடப்பது வெளியே தெரிய வேண்டும்.

• மணல்: கால் மில்லிமீட்டர் அளவில் சலித்த மணல், 20 செ.மீ. உயரத்துக்கு. சுமார் 2.3 கிலோ பிடிக்கும்.

• காற்று: இந்த மணல் அசையத் தொடங்க நொடிக்கு 5 செ.மீ. வேகம் போதும் என்கிறது கணக்கு. அதாவது நிமிடத்துக்குச் சுமார் 25 லிட்டர். நன்றாகக் குமிழி விட இதைப்போல் சில மடங்கு தேவை. மணலின் அளவைப் பாதியாக்கினால் தேவைப்படும் வேகம் கிட்டத்தட்ட கால்வாசியாகக் குறைந்துவிடும். சலிப்பதில் அலட்சியம் காட்டினால் கணக்கு மொத்தமும் தப்பும்.

• அழுத்தம்: 2.3 கிலோ மணலை 78.5 சதுர செ.மீ. பரப்பால் வகுத்தால் சுமார் 29 செ.மீ. தண்ணீர் மட்டம் வரும். இதை அளக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். பிளாஸ்டிக் டியூபை 'U' வடிவில் வளைத்து, வண்ணத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

• அடித்தட்டு: காற்று எல்லா இடத்திலும் சமமாக ஏற வேண்டும் என்றால், ஓட்டை போட்ட தட்டும் கொஞ்சம் எதிர்ப்புக் கொடுக்க வேண்டும். மணல் தரும் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது நடைமுறைக் கணக்கு. மொத்தம் சுமார் 39 செ.மீ. ஆகிறது. வீட்டு டேபிள் ஃபேனால் இது முடியாது. ஒர்க்‌ஷாப் கம்ப்ரஸரும் காற்றை அளக்கும் ரோட்டாமீட்டரும் வேண்டும்.

தப்பு நடந்தால்தான் பாடம்

காற்றைக் கூட்டக் கூட்ட U டியூபில் மட்டம் ஏறும். 29 செ.மீ. அருகே வந்ததும் அதற்கு மேல் ஏறாது. படுகை மிதக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஆனால், முதல் முறையே 29 வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். அடித்தட்டில் ஓட்டைகள் சரியில்லை என்றால் காற்று ஒரு ஓரமாக வழி பிடித்துக்கொண்டு ஓடும். மட்டம் 20-லேயே நின்றுவிடலாம். மணலை அதிகம் கொட்டினால் குமிழி குழாயையே அடைத்துக்கொண்டு, மணலை பிஸ்டன் போல மேலே தள்ளும். பெரிய ஆலையில் இதே கோளாறு வந்தால் உலையை நிறுத்த வேண்டியிருக்கும். ஆய்வகத்தில் வந்தால் தட்டைக் கழற்றி மாட்டினால் போதும்.

கணினித் திரையில் பரிசோதனை செய்ய மத்திய கல்வி அமைச்சகத்தின் 'விர்ச்சுவல் லேப்ஸ்' இருக்கிறது. ஆய்வகமே இல்லாத இடத்தில் அது பெரிய உதவி. ஆனால், அடித்தட்டைத் தப்பாகத் துளைத்துவிட்டு, காற்று எங்கே ஓடுகிறது என்று தேடும் அனுபவத்தைத் திரை தராது.

வெறும் மணலோடு நின்றுவிடலாமா?

மணலும் காற்றும் மட்டும் இருந்தால் அது ரியாக்டர் ஆகாது. வினை நடக்க வேண்டும். அதற்கு நெருப்பு தேவையில்லை. சோடியம் ஆல்ஜினேட் கரைசலில் ஈஸ்டைக் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால் ஜவ்வரிசி போல உருண்டைகள் கிடைக்கும். அவற்றை ஒரு குழாயில் போட்டு, கீழிருந்து சர்க்கரைக் கரைசலைச் சின்ன பம்பால் சுற்ற விட்டால் உருண்டைகள் மிதக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுக் குமிழிகளை விடும். அறை வெப்பநிலையிலேயே ஓடும் ரியாக்டர் தயார்.

செட்டிகுளம் மாணவருக்கு இன்னொரு வழியும் உண்டு. இதே குழாயில் சூடான காற்றை விட்டால் அது உலர்த்தும் கருவி. விலை விழும்போது சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டுக் காத்திருக்கும் விவசாயிக்கு, உலர்த்தி விற்பதும் ஒரு வழி. நறுக்கிய ஈர வெங்காயம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; மணல் போல எளிதில் மிதக்காது. படுகையை அதிர வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். நல்ல புராஜெக்ட்டுக்கு இப்படி ஒரு சிக்கல்தான் தேவை.

கவனம் தேவை

மணல் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. குழாயின் வாயில் வடிகட்டித் துணி கட்டாமல் ஓட்டக் கூடாது. மாஸ்க்கும் கண்ணாடியும் கட்டாயம். கம்ப்ரஸர் காற்றை ரெகுலேட்டர் இல்லாமல் நேரடியாக அக்ரிலிக் குழாயில் விடவே கூடாது.

ஆக மொத்தத்தில்...

இன்ஜினியரிங் கவுன்சிலிங் நேரத்தில் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் கட்டணம், பஸ் வசதி, பிளேஸ்மென்ட். இனி இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம்: "ஆய்வகத்தில் பிள்ளைகள் எதையாவது தாங்களே கட்டுகிறார்களா?"

U டியூபில் 29 வர வேண்டிய இடத்தில் 20 வந்தபோது, ரெக்கார்ட் நோட்டில் 29 என்றே எழுதிவிட்டுப் போனவரும் பாஸ் ஆவார். தட்டைக் கழற்றிப் பார்த்தவரும் பாஸ் ஆவார். நாளைக்கு ஆலையில் உலை தகராறு செய்யும்போது, இரண்டாமவரைத்தான் கூப்பிடுவார்கள்.