கார் ஆண்கள் சமாச்சாரமா?

குக்கரில் காஸ்கட் போனால் மாற்றத் தெரிகிறது. காஸ் டியூபில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்கத் தெரிகிறது. மிக்ஸி ஓடாமல் நின்றால் அடியில் இருக்கும் சிவப்பு பட்டனை அமுக்கத் தெரிகிறது. ஆனால், வாசலில் நிற்கும் காரின் பானெட்டைத் திறந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? "அதெல்லாம் அவர் சமாச்சாரம்" என்று ஒதுங்கி விடுகிறோம். இது சரியில்லை என்பது என் அபிப்பிராயம். அந்தக் காரில்தானே நாமும் நம் பிள்ளைகளும் போகிறோம்?

எங்கள் வீட்டில் இருப்பது 2007-ம் வருட மாருதி 800. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இந்த மாடல் தயாரிப்பையே 2014-ல் நிறுத்தி விட்டார்கள். புதுசு வாங்க வசதியில்லாத எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு, இருப்பதைக் கட்டிக் காப்பதுதான் வழி. பதினைந்து வருடம் ஆன காருக்கு ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். வண்டி நல்ல நிலையில் இருந்தால்தான் கிடைக்கும். அதுவும் ஐந்தைந்து வருடமாகத்தான்.

எனக்கு இன்றுவரை கார் ஓட்டத் தெரியாது. ஆனால், அரசு பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ரிடையரான என் பெரியப்பா சொல்லிக் கொடுத்த சிலவற்றை வாரம் தவறாமல் பார்க்கிறேன். பத்து நிமிஷ வேலைதான்.

கோலம் போடும்போதே காருக்கு அடியில் ஒரு பார்வை பார்த்து விடலாம். ஏ.சி. போட்டதால் சொட்டிய வெறும் தண்ணீர் என்றால் கவலையில்லை. கறுப்பாகப் பிசுபிசுத்தால் ஆயில். பச்சையாகவோ சிவப்பாகவோ இருந்தால் கூலன்ட்டாக இருக்கலாம். சக்கரத்தின் உள்பக்கம் வழவழவென்று ஈரம் இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அன்றைக்கு வண்டியை எடுக்கவே விடக்கூடாது.

இன்ஜின் ஆயில் பார்ப்பது குழம்பில் கரண்டி விட்டுப் பார்ப்பது போலத்தான். சமதரையில் நிற்கும் வண்டியில், இன்ஜின் ஆறிய பிறகு, அளவுக் கம்பியை உருவித் துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுக்க வேண்டும். இரண்டு குறிகளுக்கு நடுவில் ஆயில் இருந்தால் சரி.

பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ நீலமாகவோ பூத்திருந்தால் காலையில் வண்டி 'டக் டக்' என்று மக்கர் பண்ணும். வயரைக் கழற்றிவிட்டு (மைனஸ் முதலில்), வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். மூடியெல்லாம் இறுக்கமாக இருக்க வேண்டும். சோடா தண்ணீர் உள்ளே போகக் கூடாது. துடைத்து வாசலின் தடவி விடுங்கள். தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், குழாய்த் தண்ணீர் ஆகாது.

டயரில் நாலு எண் வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது என்று அர்த்தம். பட்டன் நன்றாக இருந்தாலும் ரொம்பப் பழைய டயரை நம்பக் கூடாது. காற்றடிக்கும்போது ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் ரேடியேட்டர். 2023 மே மாதம் திருச்சியிலிருந்து பழனிக்குப் போனோம். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் சூடு காட்டும் முள் ஏறிவிட்டது. வண்டியை ஓரங்கட்டியதும் என் கொழுந்தனார் தண்ணீர் பாட்டிலோடு போய் ரேடியேட்டர் மூடியில் கை வைத்து விட்டார். "தம்பி, தொடாதீங்க! ஆவி அடங்காம குக்கரைத் திறப்பீங்களா?" என்று கத்தினேன். உள்ளே கொதிக்கும் தண்ணீர் அழுத்தத்தில் இருக்கும். திறந்தால் முகத்தில்தான் பீய்ச்சி அடிக்கும். முக்கால் மணி நேரம் மர நிழலில் காத்திருந்து, ஆறிய பிறகுதான் துணி போட்டுத் திறந்தோம். யாருக்கும் ஒரு கொப்புளம் கூட இல்லை.

அங்கே ஒரு ஒர்க் ஷாப்பில் "ரேடியேட்டரே போச்சு, 4500 ரூபாய் ஆகும்" என்றார்கள். ஹோஸ் குழாயில்தானே ஈரமாக இருக்கிறது என்று நான் கேட்டதற்கு, "உங்களுக்குப் புரியாதுக்கா, நான் சார்கிட்ட பேசிக்கறேன்" என்று பதில். என் கணவர் என்னைத்தான் பார்த்தார். "முதல்ல ஹோஸை மாத்துங்க, அப்புறமும் ஒழுகினா பார்ப்போம்" என்றேன். ஹோஸும் கூலியும் சேர்த்து 350 ரூபாய். அதே ரேடியேட்டர்தான் இன்னும் ஓடிக் கொண்டிருக்கிறது. மெக்கானிக் எல்லாரையும் குறை சொல்லவில்லை. ஆனால், கேள்வி கேட்கும் பெண்ணுக்கு மரியாதையாகப் பதில் சொன்னால் என்ன குறைந்து விடும்?

நம் ஊர் போர் தண்ணீரில் வெந்நீர்ப் பாத்திரம் எப்படி உப்புப் பிடிக்கிறது! ரேடியேட்டரும் அப்படித்தான். எனவே எப்போதும் கூலன்ட் ஊற்றுங்கள்.

இன்னொன்று. பால் கணக்கு எழுதுவது போல் காருக்கும் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, ஓடிய கிலோ மீட்டர், செய்த வேலை, கொடுத்த பணம் எல்லாம் அதில் இருக்கட்டும். மாற்றிய பழைய சாமானைக் கையில் கேட்டு வாங்குங்கள். இரண்டும் இருந்தால் யாரும் சுலபத்தில் ஏமாற்ற முடியாது.

பிரேக்கையோ இன்ஜினையோ பிரித்து வேலை பார்க்கச் சொல்லவில்லை. அது தெரிந்தவர்கள் வேலை. எது சரியில்லை என்று கண்டுபிடிப்பதற்கு ஆண், பெண் என்ற பேதம் எதற்கு? இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்காரரிடம், "பானெட்டைத் திறந்து காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்களேன், சகோதரிகளே!

- ஒரு வாசகி, திருச்சி.