முகமூடியா, முகமா?

முப்பதாண்டுப் போரில் மதம் வெறும் முகமூடி, உள்ளே இருந்தது மண்ணாசைதான் என்கிறார் ஒரு கட்டுரையாளர். சாட்சிக்குப் பிரெஞ்சு அமைச்சர் ரிஷ்லியூவை அழைக்கிறார். கத்தோலிக்கக் கார்டினல் 1631இல் லூத்தரன் சுவீடனுக்குப் பணம் கொடுத்தார்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பேரரசர் இருந்த வியன்னா பக்கம் கட்டுரையாளர் திரும்பவே இல்லையே!

1629இல் புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட் வெற்றியின் உச்சியில் இருந்தார். சும்மா இருந்திருந்தாலே போதும். அவரோ, 1552க்குப் பிறகு புராட்டஸ்டண்டுகள் எடுத்துக்கொண்ட திருச்சபைச் சொத்துகளைத் திருப்பித்தர ஆணையிட்டார். தளபதி வாலன்ஸ்டைனுக்கே அது பிடிக்கவில்லை. 1620இல் பேரரசருக்குத் தோள்கொடுத்த லூத்தரன் சாக்சனி, 1631இல் சுவீடனோடு சேர்ந்தது. மண்ணாசைக்காரன் கூட்டாளியை இப்படியா விரட்டுவான்? தளபதியை விட்டு, பாவசங்கீர்த்தனம் கேட்கும் இயேசு சபைக் குரு லாமோர்மைனியின் பேச்சுக்குச் செவிசாய்த்த அரசர் எந்த முகமூடியை அணிந்திருந்தார்?