செவிக்கும் ஓர் ஆய்வுக்கூடம்

ஐம்புலன்களில் கண்ணுக்குத்தான் நம் பள்ளிகளில் எவ்வளவு உபசாரம்! ஆடி உண்டு, வில்லை உண்டு, முப்பட்டகம் உண்டு. குண்டூசிகளை நட்டு ஒளி விலகும் கோணத்தை நாமே அளந்து பார்க்கிறோம். காதின் கதை அப்படியன்று. புறச்செவி, நடுச்செவி, உட்செவி என்று படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, வண்ணமும் தீட்டிவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். நாம் எப்படிக் கேட்கிறோம் என்பதை யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை. கேள்விக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்த மொழியில் இது முறைதானா?

இதை வெறும் பாடத்திட்டக் குறையாக மட்டும் நாங்கள் கருதவில்லை. சொல்வதெழுதும் வேளையில் ஆசிரியை "வழி" என்று சொல்ல, "வளி" என்று எழுதும் தோழி ஒருத்தி எல்லா வகுப்பிலும் இருக்கிறாள். அவளுக்குக் கிடைக்கும் பட்டம் 'கவனமில்லாதவள்'. சில சமயம் 'காது மந்தம்'. பட்டம் சூட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாமே என்பதுதான் எங்கள் கருத்து. அதற்கான கருவியோ காசில்லாமலே கிடைக்கிறது.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவுல் பூர்ஸ்மா, டேவிட் வேனிங்க் என்னும் இருவர் 1990-களில் உருவாக்கத் தொடங்கிய மென்பொருள் 'பிராட்'. டச்சு மொழியில் அச்சொல்லுக்குப் 'பேச்சு' என்று பொருள். விலை கிடையாது, சந்தா கிடையாது. யார் வேண்டுமானாலும் படியெடுத்துப் பிறருக்கு வழங்கலாம். ஒருமுறை கணினியில் ஏற்றிவிட்டால் பிறகு இணையமும் தேவையில்லை. (இவ்வரியைப் பெற்றோர் இருமுறை படிக்க வேண்டுகிறோம்!) ஒலியைப் பதிந்து, அதன் அலைவடிவத்தைத் திரையில் காட்டுவதோடு, கேட்டல் சோதனை நடத்தும் பகுதியும் அதற்குள்ளேயே இருக்கிறது.

செய்முறை எளிது. 'வலி, வளி, வழி' என்னும் மூன்று சொற்களை ஒருத்தி வாசிக்கப் பதிவு செய்கிறோம். கணினி அவற்றை வரிசை மாற்றி, ஒவ்வொன்றையும் பத்து முறை, ஆக முப்பது முறை ஒலிக்கும். கேட்பவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையிலுள்ள மூன்று கட்டங்களில் தன் காதுக்குப் பட்டதைத் தொடுகிறாள். எதைத் தொட்டாள், எவ்வளவு நேரத்தில் தொட்டாள் என்பதெல்லாம் அட்டவணையாகிவிடும். காதை மூடிக்கொண்டு தொட்டாலும் முப்பதில் ஏறக்குறையப் பத்து சரியாகிவிடும் என்பதை மட்டும் மறந்துவிடக்கூடாது.

சுவையான பகுதி இனிமேல்தான். கேட்ட இருபது பேருமே ழகரத்தையும் ளகரத்தையும் குழப்பினால், குற்றம் கேட்டவர்களிடமா, வாசித்தவளிடமா? ஆகவே வாசிப்பவரை மாற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் ஒருத்தி மட்டும் குழப்பினால், அவள் வீட்டில் 'வளப்பளம்' என்று சொல்லிப் பழகியவர்கள் இருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். அது சோம்பலன்று, பழக்கம்.

பழக்கம் செவியை எவ்வளவு தூரம் ஆள்கிறது என்பதற்குச் சான்று உண்டு. கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்டு டீஸ் இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில், இந்தியில் உள்ள தகர டகர வேறுபாட்டை நன்றாக இனங்கண்டன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் பெரும்பாலான குழந்தைகளிடம் அத்திறன் மங்கிவிட்டது. காது பழுதாகவில்லை, வீட்டில் தேவைப்படாத வேறுபாட்டை மூளை ஒதுக்கிவிட்டது. நம் கதையும் அதுதான். 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு பகரமும் ஒரே ஒலியா? பிராட் திரையில் அவை வெவ்வேறாகத் தெரியும். ஒரே எழுத்தால் எழுதிப் பழகிய நாம் அதைக் கவனிப்பதேயில்லை.

சிறுவன் சாமுவேல் இரவில் அழைப்பைக் கேட்டு மும்முறை ஏலியிடம் ஓடினானே! அவன் செவியில் ஒரு குறையும் இல்லை. யாருடைய குரல் என்று அறியத்தான் அவனுக்கு ஒருவர் கற்றுத்தர வேண்டியிருந்தது.

கற்றுத்தரவும் முடியும். ஆங்கில 'ர', 'ல' இரண்டையும் பிரித்தறியத் திணறும் ஜப்பானியருக்கு, லோகன், லைவ்லி, பிசோனி என்னும் அமெரிக்க ஆய்வாளர் மூவர் பலருடைய குரல்களில் சொற்களைக் கேட்கச் செய்து, ஒவ்வொரு விடையும் சரியா தவறா என்று உடனுக்குடன் சொல்லிப் பயிற்றுவித்தனர். சில வாரங்களில் முன்னேற்றம் தெரிந்ததை 1991-இல் வெளியிட்டனர். ஒரே ஆசிரியை ஒரே குரலில் நூறு முறை திருத்துவதைவிட, பத்துத் தோழியரின் குரல் உதவக்கூடும் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

சில எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டும். இது மருத்துவச் சோதனை அன்று. எங்கள் ஹெட்போன்கள் அதற்கென்று அளவிட்டுச் சரிபார்க்கப்பட்டவை அல்ல. ஒருத்திக்கு உண்மையிலேயே கேட்கவில்லை என்ற ஐயம் எழுந்தால் காது மருத்துவரிடமே அனுப்ப வேண்டும். ஒலியளவு எப்போதும் தாழ்வாகவே இருக்கட்டும். விருப்பமில்லாதவளை உட்கார வைக்கக்கூடாது. யாருடைய மதிப்பெண்ணும் அறிவிப்புப் பலகைக்கு ஏறக்கூடாது. ஏறினால் பழைய பட்டங்களுக்குப் புதிய சான்றிதழ் கொடுத்தது போலாகிவிடும்!

இவ்வளவு வேலை எதற்கு, தேர்வில் இதற்கு மதிப்பெண் உண்டா என்று சிலர் கேட்கலாம். இல்லைதான். ஆனால் ஊசலை ஆட்டி அலைவு நேரம் எண்ணுகிறோமே, அதன் விடை முன்பே தெரிந்தது. எங்கள் வகுப்பு ழகரத்தை எப்படிக் கேட்கிறது என்பதோ எந்தப் பாடநூலிலும் அச்சாகவில்லை.

அருட்சகோதரியரிடம் நாங்கள் வேண்டுவது, வாரத்தில் ஒரு பாடவேளை, ஒரு கணினி, இரண்டு ஹெட்போன், ஒரு மைக். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யக்கூடிய அறை ஒன்றும் வேண்டும். முதற்பதிவுக்கு வாசிக்க ஆசிரியைகளையே அழைக்க எண்ணியிருக்கிறோம். மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம்.