பத்திரத்தில் பதுங்கியுள்ள நான்கு சொற்கள்

குரோம் தோல் ஆலையால் பெயர் பெற்ற ஊர் குரோம்பேட்டை. இன்று அங்கே எம்.ஐ.டி.யில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் என்ஜினீயரிங் படிக்கிறார்கள். படிக்கும் பிள்ளைகளுக்கென்று வைத்திய இன்ஷூரன்ஸ் விற்கிறார்கள் கம்பெனிக்காரர்கள். தோழர்களே, கையெழுத்துப் போடுமுன் நான்கு சொற்களின் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள்!

‘பிரீமியம்’: நோய் வந்தாலும் வராவிட்டாலும் நாம் கட்டும் பணம்.

‘காத்திருப்புக் காலம்’: முன்பே இருந்த நோய்க்கு 3 வருஷம் வரை கைவிரிக்கலாம். படிப்போ 4 வருஷந்தான்!

‘கோ-பேமெண்ட்’: ஆஸ்பத்திரி பில்லில் ஒரு பங்கு நம் தலையில்.

‘உச்சவரம்பு’: அதற்கு மேல் சல்லிக்காசு வராது. அறை வாடகைக்குத் தனி வரம்பும் இருக்கலாம்.

இவை நோய் தீர்க்கும் சொற்களா? கம்பெனி நழுவி ஓடும் சந்துகள்!

1948இல் சட்டமான ஈ.எஸ்.ஐ.யைப் பாருங்கள். சம்பளத்தில் தொழிலாளி நூற்றுக்கு முக்கால், முதலாளி நூற்றுக்கு மூன்றேகால் கட்டுகிறார்கள். வேலையில் சேர்ந்த நாள் முதல் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. ஆனால் படிக்கும் மகனுக்கு 21 வயதில் கதவு அடைபடுகிறது. விவசாயத் தொழிலாளிக்கோ அந்தக் கதவே கிடையாது!

படிப்பு முடியும்வரை ஈ.எஸ்.ஐ. வேண்டும்! வயலில் உழைப்பவரின் பிள்ளைக்கும் அதே வைத்தியம் வேண்டும்! சங்கக் கூட்டந்தோறும் இதைத் தீர்மானமாக்குவோம்!