வீட்டுலதானே செய்யறீங்க?

'ஒரு பிஸ்கட் 60 ரூபாயா?' என்று வாயைப் பிளந்தவர்களில் நானும் ஒருவன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அப்புறம் உங்களோடு சண்டை போட்டால்தான் நியாயமாக இருக்கும்.

எல்லோரும் பிரியாணிக்காகப் போகிற ஆம்பூருக்கு நான் பிஸ்கட்டுக்காகப் போனேன். உறவுக்காரர் வீட்டுக் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். வருகிறவர்களுக்குக் கொடுத்தனுப்ப, குட்டி ஷூ வடிவத்தில், மேலே ஐஸிங் போட்ட குக்கி 24 வேண்டும். ஷூவுக்குப் பேர்போன ஊரில் ஷூ பிஸ்கட், பொருத்தம்தான். வீட்டிலேயே செய்து தருகிற ஒரு பெண்மணியைச் சொன்னார்கள். போனேன். விலை சொன்னார். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"வீட்டுலதானேம்மா செய்யறீங்க? கடை வாடகையா, ஆள் கூலியா? 25 ரூபா போட்டுக்குங்க."

அவர் கோபப்படவில்லை. "இன்னொரு ஆர்டர் ஓடிக்கிட்டிருக்கு. உள்ள வந்து உக்காந்து பாருங்க ஸார். அப்புறம் நீங்களே ஒரு விலை சொல்லுங்க" என்றார்.

பார்த்தேன். நீங்களும் பாருங்கள்.

வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மைதா. பேக்கிங் பவுடர் கிடையாது, போட்டாலும் சிட்டிகைதான். அதிகமானால் மாவு உப்பிப் பரவி, ஷூவின் குதிகால் காணாமல் போய்விடும். பிசைந்த மாவை ஃப்ரிட்ஜில் வைத்து இறுக்கிய பிறகுதான் தேய்க்கலாம். நம்ம ஊர் வெயிலில் அச்சை அழுத்தி எடுப்பதற்குள் வெண்ணெய் இளகிவிடும். மறுபடி ஃப்ரிட்ஜ். அச்சையும் கண்ட இடத்தில் வைக்க முடியாது. ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் தோல்மேல் டையை வைப்பது போல, ஒன்றின் வளைவுக்குள் இன்னொன்றைப் பொருத்த வேண்டும். மிச்சமான மாவைத் திரும்பப் பிசையலாம்தான். ஆனால், பிசையப் பிசைய பிஸ்கட் மிருதுவை இழந்துவிடும். அப்புறம் 180 டிகிரி சூட்டில் 10, 12 நிமிஷம்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். வேலை அப்போதுதான் ஆரம்பம்.

ராயல் ஐஸிங் என்பது முட்டை வெள்ளைக்கருவும் ஐஸிங் சர்க்கரையும் சேர்த்து அடிக்கிற கூழ். காய்ந்தால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி இறுகிவிடும். பச்சை முட்டையில் கிருமி பயம் உண்டு, குழந்தைகள் சாப்பிடுகிற பண்டம் என்பதால் இவர் வெள்ளைக்கருவுக்குப் பதில் மெரிங்கு பவுடர் போடுகிறார். ஓரத்தில் கோடு இழுக்க டூத்பேஸ்ட் பதம். உள்ளே நிரப்ப இன்னும் தளர்ந்த பதம். கத்தியால் கீறினால், அந்தக் கீறல் 10, 15 விநாடியில் தானாக மறைய வேண்டும். அதற்கு முன்னால் மறைந்தால் வழிந்து ஓடும். மறையவே இல்லையென்றால் மேடும் பள்ளமுமாக நிற்கும். ஒரு நிறம் காய்ந்த பிறகே பக்கத்து நிறம். முழுசாகக் காய ஒரு ராத்திரி ஆகும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் இன்னும் கூட ஆகும். கிறிஸ்துமஸ் ஆர்டர்கள் குவிவதும் அந்த மழையை ஒட்டித்தான்! கடைசியில் கோனைப் பிடித்து 24 ஷூவுக்கும் லேஸ் வரைய வேண்டும். கை நடுங்கினால் அந்த ஒன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு.

காய்கிற நேரத்தை விடுங்கள். கை வேலை மட்டும் 10 மணி நேரம். இப்போது கணக்குப் போடுவோம். சாமான், டப்பா, கரன்ட் எல்லாம் சேர்த்து 24 பிஸ்கட்டுக்குச் சுமார் 440 ரூபாய். நான் கேட்ட விலைக்கு மொத்தம் 600. மிஞ்சுவது 160. அதாவது மணிக்கு 16 ரூபாய். அவர் சொன்ன விலைக்கு 1,440. மிஞ்சுவது 1,000. மணிக்கு 100 ரூபாய்.

குழாய் ரிப்பேருக்கு வருகிறவர் பத்து நிமிஷ வேலைக்கு 300 ரூபாய் வாங்கினால், முணுமுணுத்துக்கொண்டாவது கொடுத்துவிடுகிறோம். வெளியிலிருந்து பையோடு வருகிறார், அதனால் அது தொழில். அடுப்படியில் நிற்கிற பெண் செய்தால் பொழுதுபோக்கு. நம் ஊர் அடுப்படிக்கு மதிப்பு என்ன? மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிஷம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிஷம். தினமும் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் இலவசமாகவே கிடைத்துப் பழகிவிட்டது நமக்கு. அதே கை, அதே அடுப்படியில் செய்ததற்குக் காசு கேட்டால் திடுக்கிடுகிறோம்.

தோல் பட்டறை பெல்ட்டில் இந்த வியாதி புதுசு இல்லை. ஆம்பூர் பக்கத்தில் ஷூவின் மேல்பாகத்தை மூட்டையாக வீட்டுக்கு வாங்கி வந்து, ஊசி நூலால் கையில் தைத்துக் கொடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. என்ற பேச்சே கிடையாது. பெங்களூரின் சிவிடெப் அமைப்பும் இங்கிலாந்து அமைப்புகளும் சேர்ந்து 2016-ல் இதை அறிக்கையாகவே வெளியிட்டன. அந்த ஷூ வெளிநாட்டுக் கடையில் என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டால் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. 'சுரண்டல்!' என்கிறோம். சரி, நிஜ ஷூவுக்கு அந்தக் கம்பெனிக்காரன் சொல்கிற அதே வாக்கியத்தைத்தானே பிஸ்கட் ஷூவுக்கு நான் சொன்னேன்? 'வீட்டுலதானேம்மா செய்யறீங்க!'

அந்தத் தையல்காரப் பெண்களுக்காகவாவது, உலகத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கென்று ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா இன்றுவரை அதை ஏற்கவில்லை என்பது வேறு கதை. பிஸ்கட் செய்கிறவருக்கு அதுவும் பொருந்தாது. அவர் சொந்தத் தொழில்காரர். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டிய கடமை மட்டும் அவருக்கு உண்டு. கூலியை நிர்ணயிக்க ஆள் கிடையாது. அவருக்கு முதலாளி நீங்களும் நானும்தான்.

'ருசி ஒண்ணும் பெரிசா இல்லையே ஸார்' என்பீர்கள். உண்மை. என் நாக்குக்கு டீக்கடை பட்டர் பிஸ்கட்டே போதும். ராயல் ஐஸிங் கடைசியில் வெறும் சர்க்கரை ஓடுதான். பிடிக்காவிட்டால் வாங்காதீர்கள். அதில் தப்பே இல்லை. ஆனால், ஷூ வடிவம் வேண்டும், லேஸ் வேண்டும், குழந்தை பேர் வேண்டும், போட்டோவில் அழகாக விழவும் வேண்டும், விலை மட்டும் டீக்கடை விலையாக இருக்க வேண்டும் என்றால், அதற்குப் பேர் சிக்கனம் இல்லை.

வீட்டில் பேக்கிங் செய்கிற சகோதரிகளோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. 'சும்மா டைம் பாஸுக்குத்தான் செய்யறேன்' என்று சொல்லாதீர்கள். விலைப் பட்டியலில் வெண்ணெய்க்கும் மைதாவுக்கும் கணக்கு எழுதுகிறீர்கள். உங்கள் 10 மணி நேரத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். தெரிந்தவர் என்று நீங்கள் 25-க்கு இறங்கினால், அடுத்த தெருவில் 60 கேட்கிறவரைக் கொள்ளைக்காரி ஆக்கிவிடுகிறீர்கள்.

அன்றைக்கு நான் 60 ரூபாய் வீதமே கொடுத்தேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அவர் கேட்டது அதுதான். "என்ன ஸார், விலை நீங்க சொல்லவே இல்லையே?" என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அடுத்த முறை ஆர்டர் கொடுக்கும்போது 'எவ்வளவு?' என்று தாராளமாகக் கேளுங்கள். கூடவே, 'எத்தனை மணி நேரம் ஆகும்?' என்றும் கேளுங்கள். அந்தப் பதிலைக் கேட்ட பிறகும் பேரம் பேச உங்களுக்கு வாய் வந்தால், பேசிக்கொள்ளுங்கள்.