புள்ளி தெரிகிறதா? – படவீழ்த்தி வாங்கும் முன் ஒரு சொல்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. “சார், வீட்டில் படம் பார்க்கவும் பிள்ளைகளுக்குப் பாடம் காட்டவும் சின்னதாக ஒரு புரொஜெக்டர் வாங்கலாம் என்றிருக்கிறோம். எதை வாங்கலாம்?” பேச்சில் புரொஜெக்டர் என்று நாம் சொல்லும் கருவியைத் தமிழில் படவீழ்த்தி என்று வழங்குகிறோம். அதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. அக்கருத்து எனக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. ஒரு குழந்தையைத் தலைகுனிய வைத்த பிறகே கிடைத்தது. ஆகவே, முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தவறு யாருடையது?

தெலுக் பங்லிமா காராங்கில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த எட்டுக் குடும்பங்கள் கடந்த ஆண்டு ஒன்றுகூடி, ஆளுக்கு 50 ரிங்கிட் போட்டு, ஒரு கையடக்கப் படவீழ்த்தி வாங்க முடிவு செய்தோம். மாதம் ஒருமுறை, சனிக்கிழமை இரவில், யாரேனும் ஒருவர் வீட்டு முன்வாசலில் கூடுவது; முதல் பதினைந்து நிமிடம் பிள்ளைகளுக்கு வாசிப்பு; பிறகு அனைவரும் சேர்ந்து ஒரு நல்ல படம். இதுதான் திட்டம். தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஆசிரியர் என்ற முறையில் என்னிடமே ஒப்படைத்தார்கள்.

இணையத்தில் தேடி 400 ரிங்கிட்டுக்குள் ஒன்றை வாங்கினேன். பெட்டியின்மேல் 9,000 லூமென் என்றும், 4கே என்றும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். நானும் நம்பினேன்.

முதல் இரவு வந்தது. சுவரில் வாசிப்புப் பக்கத்தைக் காட்டி, முதலாம் ஆண்டு படிக்கும் சிறுமி ஒருத்தியை வாசிக்கச் சொன்னேன். ‘பல் துலக்கு’ என்ற தொடரை அவள் ‘பல துலக்கு’ என்று வாசித்தாள். “நன்றாகப் பார்த்து வாசி, அம்மா” என்றேன். மீண்டும் ‘பல’ என்றாள். மூன்றாம் முறை கேட்டபோது அவள் வாய் திறக்கவே இல்லை. பெரியவர்கள் சிலர் சிரித்தார்கள். அவளுடைய தாயார் முகம் வாடிப்போனது.

ஏதோ உறுத்த, எழுந்து சுவரின் அருகே சென்று பார்த்தேன். ‘ல்’ என்ற எழுத்தின்மேல் புள்ளியே இல்லை! கணினித் திரையில் இருந்த புள்ளி சுவருக்கு வந்து சேரவில்லை. குழந்தை கண்டதைக் கண்டபடியே வாசித்திருக்கிறாள். மறுநாள் அவள் வீட்டிற்குச் சென்று, “தவறு உன்னுடையது அன்று, அம்மா, என்னுடையது” என்று சொன்னேன். அவள் சிரித்தாள். எனக்கு அவ்வளவு எளிதாக மனம் ஆறவில்லை.

திடலில் கட்டிய வெள்ளைத் துணி

படவீழ்த்தி நம்மவர்களுக்குப் புதிய பொருளன்று. மலாயா திரைப்படப் பிரிவு 1946ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அவசரகாலமான 1948 முதல் 1960 வரையிலான ஆண்டுகளில், தகவல் இலாகாவின் நடமாடும் படக்காட்சி வண்டிகள் கம்பங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் சென்று படம் காட்டின. அரசு தன் செய்தியை மக்களிடம் சேர்க்கச் செய்த ஏற்பாடு அது.

1970களில் கேரித் தீவில் நான் சிறுவனாக இருந்த காலத்திலும் தோட்டத்துத் திடலில் படம் காட்டுவார்கள். இரு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி. பின்னால் 16 மில்லிமீட்டர் படச்சுருள் ஓடும் ஓசை. லயத்துக் குடும்பங்கள் பாயோடு வந்துவிடும். முன்னால் இடம் கிடைக்காத சிறுவர்கள் நாங்கள் துணிக்கு மறுபுறம் அமர்வோம். எங்களுக்குப் படம் தெரியும். எழுத்துகள் மட்டும் இடவலம் மாறித் தெரியும். படிக்க முடியாதே என்று நாங்கள் கவலைப்பட்டதில்லை. அது பொழுதுபோக்கு. ஆனால், வாசிக்கப் பழகும் குழந்தைக்கு முன்னால் நாமே விரிக்கும் திரை அப்படி இருக்கலாமா?

பெட்டியில் எழுதியிருப்பதும் சுவரில் தெரிவதும்

என் முதல் கருத்து இதுதான்: தமிழ்க் குழந்தைகளுக்காக வாங்கும் படவீழ்த்தியை, படம் எப்படித் தெரிகிறது என்பதைக் கொண்டு தேர்ந்தெடுக்காதீர்கள், புள்ளி தெரிகிறதா என்பதைக் கொண்டு தேர்ந்தெடுங்கள். எழுத்து தெளிவாகத் தெரியும் கருவியில் படமும் தெளிவாகவே தெரியும். படம் ஓரளவு தெரியும் கருவியில் எழுத்து தெரிந்தே ஆகவேண்டும் என்பதில்லை. படத்தின் அசைவில் நம் கண் பல குறைகளை மன்னித்துவிடும், எழுத்தில் மன்னிக்காது.

இதற்கு நான்கு செய்திகளைப் புரிந்துகொண்டால் போதும்.

1. பிக்சல் எண்ணிக்கை. ‘4கே படத்தை ஏற்கும்’ என்பதும், சுவரில் 4கே அளவில் காட்டும் என்பதும் வேறு வேறு. நான் வாங்கிய கருவி எந்தப் படத்தையும் ஏற்றது. ஆனால் அது இயல்பாகக் காட்டக்கூடியது 854 × 480 பிக்சல் மட்டுமே. ஒரு பக்கத்தில் 15 வரிகள் இட்டால், வரிக்கு 32 பிக்சல் உயரம் கிடைக்கும். வரி இடைவெளியும் மேற்சுழியும் கீழ்க்காலும் போக, மெய்யெழுத்தின் புள்ளிக்கு இரண்டு மூன்று பிக்சல்களே எஞ்சும். 1920 × 1080 கொண்ட கருவியில் அதே வரிக்கு 72 பிக்சல் உயரம் உண்டு. ஆகவே, பெட்டியில் ‘இயல்பான’ அளவு எது என்று கேளுங்கள். 1080 வரிகள் இருப்பது நன்று; 720க்குக் கீழே போகவே வேண்டாம்.

2. வெளிச்சம். வெறும் ‘லூமென்’ என்ற எண்ணை நம்பாதீர்கள். ஆன்சி லூமென் அல்லது ஐஎஸ்ஓ லூமென் என்று குறித்திருந்தால்தான் ஒரு கருவியை மற்றொன்றோடு ஒப்பிட இயலும். 2022இல் வெளிவந்த சாம்சுங் ஃப்ரீஸ்டைல் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வெளிச்சம் 550 எல்இடி லூமென். அதுவே ஆன்சி அளவில் 230. ஒரே கருவி, இரண்டு அளவுகோல்! அளவுகோலின் பெயரே சொல்லாத பெட்டியில் 9,000 என்று போட்டிருப்பதற்குப் பொருள் ஏதுமில்லை.

3. சாய்வு. கருவியைச் சுவருக்கு நேராக வைக்காமல் சாய்த்து வைத்துவிட்டு, கோணலைக் கருவியே திருத்திக்கொள்ளட்டும் என்று விடுகிறோம். அத்திருத்தம் படத்தைச் சுருக்கியே கட்டமாக்குகிறது. அதனால் இருக்கும் பிக்சல்களிலும் ஒரு பகுதி வீணாகிறது. எழுத்தின் ஓரங்களும் மங்குகின்றன. ஒரு மேசையும் நான்கு புத்தகங்களும் கொண்டு கருவியை நேராக நிறுத்துவதே சிறந்த திருத்தம்.

4. மின்கலம். ஆங்கரின் நெபுலா கேப்சூல் 3 லேசர் 300 ஆன்சி லூமென் கொண்டது. அதன் மின்கலம் இரண்டரை மணி நேரம் தாங்கும் என்கிறார்கள். அதாவது 150 நிமிடம். 2022இல் வந்த ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் ஓடும் நேரமோ 167 நிமிடம்! நம் படங்களின் நீளத்திற்கு மின்இணைப்பு அருகில் இருப்பதே நல்லது. ஃப்ரீஸ்டைல் போன்ற சிலவற்றில் உள்ளே மின்கலமே கிடையாது என்பதையும் வாங்கும் முன் அறிந்துகொள்ளுங்கள். மின்மாற்றியில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீட்டிற்கு ஒன்று, வகுப்பறைக்கு வேறொன்று

வீட்டிற்கும் வகுப்பறைக்கும் ஒரே கருவி போதுமா என்று பலர் கேட்கிறார்கள். போதாது என்பதே என் கருத்து. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூலைவிட்டம் 100 அங்குலமுள்ள அகலத் திரை ஏறக்குறைய 2.2 மீட்டர் அகலமும் 1.25 மீட்டர் உயரமும் கொண்டது, பரப்பு 2.75 சதுர மீட்டர். 300 லூமென் ஒளி அதன்மேல் பரவினால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 109 லூமென், அதாவது 109 லக்ஸ் கிடைக்கும். விளக்கு எரியும் வகுப்பறையிலோ 300 லக்ஸுக்குக் குறையாத வெளிச்சம் இருக்க வேண்டும். அந்த வெளிச்சத்தில் கறுப்பு எழுத்து சாம்பல் நிறமாகிவிடும். கையடக்கக் கருவியைப் பகலில் பள்ளிக்குத் தூக்கிச் சென்று ஏமாறுவது இதனால்தான்.

எனவே, விளக்கணைத்த வீட்டு வரவேற்பறைக்கு 300 முதல் 500 ஆன்சி லூமென் வரை போதும்; திரையை 80 அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டால் இன்னும் நன்று. 20 அடி அகலமுள்ள நம் தரைவீடுகளுக்கு அதுவே நிறைவான அளவு. வகுப்பறைக்கும் மண்டபத்திற்கும் 3,000 லூமெனுக்குக் குறையாத, மின்இணைப்பில் இயங்கும் கருவி வேண்டும். அது கனமானது, விலையும் கூடுதல். அதைத் தனி ஒருவர் வாங்குவதைவிடப் பெற்றோர் ஆசிரியர் சங்கமே வாங்குவதுதான் முறை.

வாங்கினால் போதுமா? 2003ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது, கல்வி அமைச்சு பள்ளிகளுக்கு மடிக்கணினிகளையும் படவீழ்த்திகளையும் வழங்கியது. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. நான் அறிந்த ஒரு பள்ளியில், விளக்கு எரிந்துபோன கருவி பல ஆண்டுகள் அலமாரியில் உறங்கியதைக் கண்டிருக்கிறேன். மாற்று விளக்குக்கு யாரும் பணம் ஒதுக்கி வைக்கவில்லை. பழைய வகை விளக்குகள் சில ஆயிரம் மணி நேரமே உழைக்கும். எல்இடி, லேசர் வகைகள் 20,000 மணி நேரத்திற்கு மேல் உழைக்கும் என்று குறிக்கிறார்கள். இன்று வாங்குவோர் பின்னதையே வாங்குங்கள். யார் பொறுப்பில் இருக்கும், யார் தூசு துடைப்பார் என்பதையும் கூட்டக்குறிப்பில் எழுதி வையுங்கள்.

“பெரிய தொலைக்காட்சியே போதாதா?”

இப்படிக் கேட்கும் பெற்றோர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில், பத்துப் பதினைந்து பிள்ளைகள் மட்டுமே உள்ள அறையில், நல்ல தொலைக்காட்சிதான் சிறந்தது. எழுத்தும் அதில் கூர்மையாகத் தெரியும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால், தொலைக்காட்சியைத் தூக்கிக்கொண்டு எட்டு வீடுகளுக்குப் போக முடியாது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய பின், நம் பிள்ளைகள் ஆளுக்கொரு கைப்பேசியில், ஆளுக்கொரு மூலையில் பாடம் படித்தார்கள். கட்டுப்பாடு நீங்கிவிட்டது, மூலை மட்டும் நீங்கவில்லை. ஒரே சுவரைப் பத்துப் பிள்ளைகள் சேர்ந்து பார்த்து, சேர்ந்து வாசித்து, சேர்ந்து சிரிக்கும் வாய்ப்பு இன்று அரிதாகிவிட்டது. அதற்காகத்தான் படவீழ்த்தி வேண்டும் என்கிறேன். ஆளுக்கொன்றாக மலிவானதை வாங்குவதைவிட, பலர் சேர்ந்து நல்லதாக ஒன்றை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்துங்கள். காட்டும் படம் முறையாகப் பெற்றதாகவும் இருக்கட்டும். திருட்டுப் பதிவைக் காட்டிவிட்டுப் பிள்ளைகளுக்கு நன்னெறி கற்பிக்க இயலாது.

கடைக்குச் செல்லும்போது

ஒரு விரலியில் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். அதில் 15 வரிகள் தட்டச்சு செய்து, பல – பல், சில – சில், கெ – கே, கொ – கோ, மி – மீ, ர – ற, ந – ன – ண ஆகியவை இடம்பெறுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். கடையின் விளக்கை அணைக்கச் சொல்லி, அப்பக்கத்தைச் சுவரில் காட்டச் சொல்லுங்கள். பிறகு, பத்தடி பின்னால் நின்று நீங்கள் வாசிக்காதீர்கள். உங்களுக்குத் தமிழ் தெரியும். புள்ளி இல்லாவிட்டாலும் உங்கள் மூளை அதை வைத்துக்கொள்ளும். அன்றிரவு நான் ஏமாந்ததும் அப்படித்தான். உடன் வந்த குழந்தையை வாசிக்கச் சொல்லுங்கள். இணையத்தில் வாங்குவோர், திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் வீட்டிலேயே இதைச் செய்து பாருங்கள்.

எங்கள் குடியிருப்பில் அந்தப் பழைய கருவிக்கான பணத்தை நானே ஏற்றுக்கொண்டேன். ஆறு மாதம் பொறுத்து, மேலும் பணம் சேர்த்து, 1080 வரிகள் கொண்ட கருவி ஒன்றை வாங்கினோம். கடைக்கு அந்தச் சிறுமியையும் அவள் தாயாரையும் அழைத்துச் சென்றிருந்தேன். அவள் பக்கம் முழுவதையும் வாசித்து முடித்துவிட்டு, “சார், இதில் புள்ளி இருக்கிறது” என்றாள்.

அதன் பிறகே பணத்தைக் கொடுத்தேன்.