மாடிப்படி விபத்துக்கள்: அளக்க வேண்டியது எதை?

மாடிப்படியில் ஒருவர் தவறி விழுந்தால், அவரைத் தூக்கி உட்கார வைப்பதற்கு முன்பே, "பார்த்து இறங்கக் கூடாதா?" என்ற கேள்வி பிறந்துவிடுகிறது. விழுந்தவரும் வெட்கத்தோடு தம் தவற்றை ஒப்புக்கொள்கிறார். கவனக்குறைவே காரணம் என்று முடிவு கட்டியபின் படியை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மறுநாள் அதே படியில் இன்னொருவர் கால் வைக்கிறார். ஆலையில் ஓர் இயந்திரம் தொழிலாளியின் விரலை நசுக்கினால் இயந்திரத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்பதை இன்று எல்லோரும் ஒப்புக்கொள்வர். மாடிப்படிக்கு மட்டும் அந்த நியாயம் வழங்கப்படாமலிருப்பது விந்தையே.

கீழே விழுதல் அற்ப விஷயமன்று. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் இவ்வாறு விழுந்து இறக்கின்றனர். தற்செயலான காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கே. மருத்துவ உதவி தேவைப்படுமளவு பலமான வீழ்ச்சிகளோ ஆண்டுக்கு 3 கோடியே 73 லட்சம். இவற்றுள் மாடிப்படியின் பங்கைத் தனியே ஆராய்ந்த நாடுகளில் அமெரிக்கா ஒன்று. அங்கே 1990 முதல் 2012 வரையிலான கணக்கின்படி, படிகளில் அடிபட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தோர் ஆண்டுக்குச் சராசரியாகப் பத்து லட்சத்துக்கும் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் 11க்கும் 60க்கும் இடைப்பட்ட வயதினர். ஆகவே இது முதியோருக்கு மட்டுமே உரிய துன்பம் என்ற எண்ணம் சரியன்று. முதியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் அதன் விளைவு கொடியது என்பது உண்மையே. ஆனால் உழைத்துச் சம்பாதிக்கும் வயதினரின் கணுக்கால் சுளுக்கும் எலும்பு முறிவும் ஒரு குடும்பத்தின் பல வார வருவாயைக் கொண்டுபோய்விடும்.

நம் நாட்டில் இத்தகைய கணக்கு எடுக்கப்படாததன் காரணத்தை ஆராய, தமிழர்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வரும் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளலாம். 1920-களில் கல்கத்தா அபிவிருத்தி டிரஸ்ட் தென்பகுதியில் ஏரியை வெட்டி, அகலமான சாலைகளை அமைத்தபின் வளர்ந்த பகுதி இது. சுருக்கெழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் கம்பெனிகளில் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, ராஸ்பிகாரி அவென்யூவைச் சுற்றியுள்ள மாடி வீடுகளில் வாடகைக்குக் குடியேறின. வாழையிலையும் முருங்கைக்காயும் காப்பித்தூளும் கிடைக்கும் சந்தை காலடியிலேயே இருந்தது. ஆனால் அவற்றை வீட்டுக்குக் கொண்டுசெல்ல இரண்டு மூன்று மாடி ஏறவேண்டியிருந்தது. பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட்ட பல வீடுகளில் இப்பொழுது பெற்றோர் மட்டுமே அந்தப் படிகளில் ஏறி இறங்குகின்றனர்.

இவ்வீடுகளின் பொதுப் படிக்கட்டு எவருக்கும் சொந்தமல்லாத ஓர் இடம். 1956-ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 1997-ஆம் ஆண்டுச் சட்டமும் குடியிருப்போருக்கு அளித்த பாதுகாப்பு அவசியமானதே. எனினும், உயராத வாடகையை வாங்கும் வீட்டுக்காரர் படியைச் செப்பனிட முன்வருவதில்லை; குடியிருப்போர் மற்றொருவர் சொத்தில் தம் பணத்தைப் போட விரும்புவதில்லை. மங்கலான விளக்கை மாற்றுவது எந்த மாடிக்காரரின் கடமை என்ற வழக்கும் தீர்வதில்லை. அருகிலுள்ள காளிகாட் மெட்ரோ நிலையம் 1986-இல் திறக்கப்பட்டது. அங்கே ஒரு படி உடைந்தால் யாரைக் கேட்பது என்பது தெரியும். வீட்டுப் படிக்கோ அப்படி ஒரு பொறுப்பாளி இல்லை.

படியின் குற்றங்களுள் மிகவும் மறைவானது அளவு வேறுபாடு. மனிதன் ஒவ்வொரு படியையும் பார்த்து இறங்குவதில்லை. முதல் இரண்டு மூன்று படிகளிலேயே உயரமும் அகலமும் காலுக்குப் பழகிவிடுகின்றன. பிறகு கால் தானாகவே இயங்குகிறது. பாதத்துக்கும் படியின் விளிம்புக்கும் இடையே அப்பொழுது இருக்கும் இடைவெளி மிகச் சிறிது. நடுவே ஒரு படி மட்டும் அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் கால் ஏமாந்துவிடுகிறது. அமெரிக்க வீட்டுக் கட்டட விதிகள் ஒரே வரிசையிலுள்ள படிகளின் உயரங்களுக்கிடையே சுமார் 9.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வேறுபாட்டை அனுமதிப்பதில்லை. பழைய வீட்டுப் படியில் இவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது? கீழ்த்தளத்தில் சிவப்புச் சிமெண்டுத் தரையின்மேல் புதிய டைல்ஸ் பதித்தால் கடைசிப் படி குட்டையாகிவிடும். தெருவுக்கு மீண்டும் மீண்டும் தார் போட்டு உயர்த்தினால் வாசற்படிக்கும் அதே கதி. படியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்று கட்டிய கொத்தனார் கூறுவது அவர் கட்டிய நாளைப் பொறுத்தமட்டில் உண்மையாகவே இருக்கலாம்.

படிக்கு இலக்கணம் வகுக்கும் முயற்சி பழமையானது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோந்தெல் 1675-இல் ஒரு விதி கூறினார்: படியின் உயரத்தை இரட்டித்து அதனுடன் மிதிக்கும் அகலத்தைக் கூட்டினால் அது மனிதனின் ஓர் எட்டுக்குச் சமமாக, அக்காலத்துப் பிரெஞ்சு அளவில் 24 அங்குலமாக, அதாவது சுமார் 65 சென்டிமீட்டராக இருக்கவேண்டும் என்பது அது. இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வீட்டுப் படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்றும் மிதிக்கும் அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்றும் கூறுகிறது. கூட்டிப் பார்த்தால் 63 சென்டிமீட்டர் வரும், புளோந்தெல் மறுக்கமாட்டார். ஆனால் இத்தொகுப்பு முதன்முதல் வெளிவந்தது 1970-இல். லேக் மார்க்கெட்டின் பழைய வீடுகள் அதற்கு முன்பே எழுந்துவிட்டன. மொட்டைமாடிக்குச் செல்லும் கடைசி வரிசை பெரும்பாலும் செங்குத்தாகவும் குறுகலாகவும் இருப்பதைக் காணலாம். ஈரத் துணி வாளியையும் வடகத் தட்டையும் சுமந்து செல்வது அந்த வரிசையில்தான்.

விழுபவரிடத்தும் ஆராயத்தக்க காரணம் உண்டு. அது கவனக்குறைவு என்னும் பொதுப்பெயரில் மறைந்துகிடக்கிறது. நாற்பதைக் கடந்தவருக்கு வெள்ளெழுத்து வருகிறது. பைஃபோகல் கண்ணாடி அணிகிறார். அதன் கீழ்ப்பகுதி சுமார் 40 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள எழுத்துக்காகக் கடையப்பட்டது. படியோ கண்ணிலிருந்து ஒன்றரை மீட்டர் கீழே உள்ளது. 'பார்த்து இறங்கு' என்ற புத்திமதியைக் கேட்டு அவர் கண்ணைத் தாழ்த்தினால் படியின் விளிம்பு மேலும் மங்குகிறது! தலையையே குனிந்து மேற்பகுதி வழியாகப் பார்ப்பதே வழி. தூரப் பார்வைக்கெனத் தனிக் கண்ணாடி அளித்து ஆஸ்திரேலியாவில் நடத்திய ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2010-இல் வெளியாயிற்று. அடிக்கடி வெளியே நடமாடும் முதியோர் விழுவது அதனால் குறைந்தது. அதிகம் வெளியே செல்லாதவர்களோ வெளியே சென்றபோது முன்னிலும் அதிகமாக விழுந்தனர். எனவே எல்லோருக்கும் ஒரே கண்ணாடியைச் சிபாரிசு செய்வதற்கில்லை.

பதிவேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்வதேச நோய்ப் பகுப்புமுறையின் பத்தாம் பதிப்பில் படிகளில் விழுவதற்கென்றே டபிள்யூ 10 என்ற தனிக் குறியீடு உண்டு. தேசியக் குற்றப் பதிவகத்தின் ஆண்டறிக்கையிலோ வீழ்ச்சி மரணங்கள் உயரத்திலிருந்து விழுந்தவை, குழி முதலியவற்றில் விழுந்தவை என்றே பிரிக்கப்படுகின்றன. படிக்கட்டுக்கு அங்கே தனி இடமில்லை. 'கீழே விழுந்தார்' என்று எழுதி நிறுத்தாமல், எந்தப் படியில், ஏறும்போதா இறங்கும்போதா, விளக்கு இருந்ததா, கையில் என்ன இருந்தது என நான்கு சொற்களைச் சேர்த்து எழுதுவது களப்பணியாளருக்குப் பெருஞ்சுமையாகாது.

ஆசிரியர்களுக்கு இது எளிய செய்முறைப் பாடம். மாணவர்கள் ஓர் அளவுகோலைக் கொண்டு தத்தம் வீட்டுப் படிகளின் உயரத்தை வரிசையாக அளந்து வரைபடம் இடட்டும். கோடு எங்கே துள்ளுகிறதோ அங்கே படியின் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை வர்ணம் பூசலாம். வீட்டுக்காரரின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டிய அளவுக்கு அது பெரிய வேலையன்று. ஆனால் சிவப்புத் தரையில் வழவழப்பான வர்ணம் மழைநீரில் வழுக்கும், ஆதலால் அதில் சிறிது மணல் கலக்கவேண்டும். கைப்பிடியைச் சுவரில் பொருத்துவதற்கு வீட்டுக்காரர் வேண்டும். அவரிடம் வரைபடத்தைக் காட்டிப் பேசலாம். கொல்கத்தாவில் ஜூன் மாதத்தில் பருவமழை தொடங்கிவிடுவதால், வர்ணம் பூசும் வேலையைச் சித்திரைக்குள் முடித்துக்கொள்வது நலம்.